முப்பது வயதும் ஒரு பானைக் களியும்

ஓசூரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஒரு வாசல். சிப்காட் தொழிற்பேட்டை இன்னொன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப் பண்பாடு மூன்றாவது. மூன்றும் நல்ல வாசல்களே. ஆனால் இந்த ஊருக்குப் பின்கட்டு ஒன்று உண்டு. அங்கே அடுப்பு எரிகிறது. யாரோ களி கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழியாக நுழைந்து பார்த்தால் ஊரின் வரலாறு சற்று வேறு விதமாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். கூடவே ஒரு வயதையும் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன்: முப்பது.

முப்பது ஏன் என்று கேட்கலாம். சிற்றூர்களில் வயது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருகிறது. தொழில் நகரத்தில் அது கூட்டமாக வருகிறது. சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டை ஒன்று ஓசூரில் அமைந்தது. பின்தங்கிய மாவட்டம் என்பதால் கிடைத்த சலுகைகள், மலிவான நிலம், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் ஆகியவை சேர்ந்து ஆலைகளை இழுத்து வந்தன. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், சில ஆண்டுகளில் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. டைட்டன் தன் தொழிலாளர்களை எப்படித் திரட்டியது என்பது தனியாகச் சொல்லத் தக்கது. தமிழகத்தின் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஊரில் வாடகை வீடுகளில் தங்கவைத்து, பெற்றோர் இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள மூத்த தம்பதியரையும் அமர்த்தியது. 1987-இல் பதினெட்டு வயதில் வந்து இறங்கிய ஒருவருக்கு 1999-இல் முப்பது. அந்த ஆண்டுகளில் ஓசூரில் ஒரு தலைமுறையே ஒன்றாக முப்பதைத் தொட்டது. ஒன்றாகத் திருமணம் முடித்து, ஒன்றாகக் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. தாய் வீடு தொலைவில். மாமியார் வீடும் தொலைவில். வந்து பார்த்துக்கொள்ள மூத்தவர் எவருமில்லாத சமையலறையில் ஓர் இளம் தாயும் தந்தையும் இரவு என்ன சமைப்பது என்று யோசித்த கணம் எந்த ஆலையின் வரலாற்றிலும் எழுதப்பட்டிருக்காது.

இதே மண்ணில் முப்பது வயது இன்னொரு காலத்தில் என்ன பொருள் தந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ராஜாஜி 1878 டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தார். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நினைவில் தங்கிய 1876-78 பெரும் பஞ்சம் ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது. சேலம் மாவட்டம் (அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம்) அப்பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பைவிட 1881 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை குறைந்திருந்தது. 1897-இல் ராஜாஜிக்கும் அலமேலு மங்கம்மாளுக்கும் திருமணம். மணமகளுக்கு அப்போது வயது பத்து. பதின்மூன்று வயது நிறைந்த மறுநாள் முதல் பிள்ளை பிறந்தது. மொத்தம் ஐந்து குழந்தைகள்: மூன்று ஆண், இரண்டு பெண். 1916-இல் மங்கம்மாள் இறந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு முப்பது நிறையவில்லை.

ராஜாஜியின் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த மரணத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். முப்பத்தேழு வயதில் மனைவியை இழந்து ஐந்து பிள்ளைகளைத் தாமே வளர்த்தார் என்பது அவருடைய பெருமையாகச் சொல்லப்படுகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளாமல், வழக்கறிஞர் தொழிலுக்கும் சேலம் நகராட்சிப் பணிக்கும் நடுவில் அவர் அதைச் செய்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனபோது இளைய மகள் லட்சுமிக்கு ஒன்பது வயது. ஆனால் என் மனம் நிற்கும் இடம் வேறு. பதின்மூன்றில் தாயாகி முப்பதுக்குள் ஐந்து பெற்று மறைந்த ஒரு பெண்ணின் வாழ்வு அன்று விதிவிலக்கு அல்ல. படித்த, நிலமுள்ள, முன்சீப் குடும்பத்திலேயே இப்படி என்றால், பஞ்சத்தில் தப்பிய புன்செய்க் குடிகளின் வீட்டில் முப்பது வயதுப் பெண் என்பவள் ஏறத்தாழ கிழவிக்கு முந்திய படியில் நின்றவள். இளம் தாய் என்ற சொல்லையும் முப்பது என்ற எண்ணையும் ஒரே மூச்சில் சொல்ல முடிவதே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி நமக்குக் கொடுத்த வசதி.

அவர்கள் வீட்டு அடுப்பு அரிசி அடுப்பு. ஊரின் அடுப்பு கேழ்வரகு அடுப்பு. பாராமகால் என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் இந்த மேட்டு நிலத்தில் 1792-க்குப் பின் கேப்டன் ரீடும் மன்றோவும் நிலங்களை அளந்து வரி கட்டியபோதும், 1883-இல் லெ ஃபானு சேலம் மாவட்டக் கையேட்டை எழுதியபோதும், புன்செய் மக்களின் முதன்மைச் சோறு கேழ்வரகே. இங்கே அதைக் கேழ்வரகு என்று சொல்பவர் குறைவு. ராகி என்பதே பேச்சு வழக்கு. சேலத்துப் பக்கம் ஆரியம், தெற்கே போனால் கேப்பை. கேழ் என்றால் நிறம். நிறமுள்ள வரகு என்று பெயரைப் பிரித்துக்கொள்ளலாம். சங்கப் பாடல்களில் தினையும் வரகும் பெறும் இடம் கேழ்வரகுக்கு இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம். எத்தியோப்பிய, உகாண்ட மேட்டு நிலங்களில் முதலில் பயிராக்கப்பட்டு, கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, தக்காணத்துச் செம்மண்ணில் வேர் பிடித்தது. உகாண்டாவின் மேற்குப் பகுதியில் இன்றும் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிண்டி உருட்டி உண்கிறார்கள். அதன் பெயர் கலோ. (களியும் கலோவும் ஒன்றே என்று உடனே கட்டுரை எழுதக் கிளம்பும் நண்பர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். மாவையும் வெந்நீரையும் கையில் கொடுத்தால் உலகின் எந்த மூலையிலும் மனிதர் இதைத்தான் செய்வார்கள்.)

எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் கேழ்வரகுக்கு ஒரு காவியமே உண்டு. கனகதாசர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய ராமதான்ய சரித்திரத்தில் நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் உயர்ந்தவர் என்று ராமன் அவையில் வழக்காடுகின்றன. தீர்ப்புக்கு முன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறார்கள். வெளியே வரும்போது நெல் நலிந்து கிடக்கிறது. கேழ்வரகு அப்படியே இருக்கிறது. ராமன் தன் பெயரான ராகவனை அதற்குச் சூட்டுகிறான். தாழ்ந்த குடியில் பிறந்த கவி என்பதால் இதில் சாதியைப் பற்றிய குரலைக் கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். ஆனால் கதையின் அடித்தளம் ஓர் உழவனின் நேரடி அறிவு. கேழ்வரகைப் பூச்சி எளிதில் அண்டாது. குழியிலும் குதிரிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் பிள்ளைகளைக் காப்பாற்றியது இந்தக் குணம்தான்.

தமிழில் நாம் களிக்கு அத்தகைய மரியாதை எதையும் தரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. திருவாதிரைக் களிக்குச் சேந்தனார் கதை இருக்கிறது. ஆனால் அதன் இன்றைய வடிவம் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அரிசிக் களி. வெறும் களிக்கு நாம் தந்த இடம் சிறைச்சாலை. களி தின்ன வைக்கிறேன் பார் என்பது நம் திரைப்படங்களில் தேய்ந்து போன மிரட்டல். ஒரு வட்டாரத்து மக்கள் மூன்று வேளையும் மகிழ்ந்து உண்ணும் உணவு இன்னொரு வட்டாரத்துக்குத் தண்டனையின் குறியீடாக இருக்கிறது. களித்தல் என்ற வினை அதே சொல்லுக்குள் மறைந்திருப்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்?

இனி சமையலுக்கு வருகிறேன். களி மிக எளிய உணவு என்று எல்லோரும் சொல்கிறோம். மாவு, தண்ணீர், ஒரு பானை, ஒரு கட்டை, அவ்வளவுதான். உலை கொதிக்கையில் ஒரு பிடி நொய்யைப் போட்டு வேகவிடுவார்கள். பிறகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கட்டையால் ஒரு துளை இட்டு, ஆவி மேலே ஏறும்படி சிறு தீயில் விட்டுவிடுவார்கள். மாவு வெந்த மணம் வந்ததும் பானையை இறக்கி, கவை உள்ள கழியைக் காலால் மிதித்துப் பானை அசையாமல் நிறுத்தி, இரு கைகளாலும் கட்டையைப் பற்றிக் கிண்டுவார்கள். கட்டி தட்டக் கூடாது. கை நிற்கக் கூடாது. ஈரப் பலகையில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, மார்கழி தையில் பிதுக்குப் பருப்புக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. மெல்லக் கூடாது, பிய்த்து, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். மிஞ்சிய உருண்டை மறுநாள் காலை மோரில் கரைந்து கூழாகும். தமிழர் வீட்டில் இது களி, தெலுங்கர் வீட்டில் சங்கட்டி, கன்னடர் வீட்டில் முத்தே. ஒரே தெருவில் ஒரே உருண்டைக்கு மூன்று பெயர்கள்.

ஆனால் எளிது என்ற சொல்லில் ஒரு பொய் இருக்கிறது. மாவு எங்கிருந்து வந்தது? மாவு மில் ஊருக்கு ஊர் வருவதற்கு முன், அதிகாலையில் கல் திரிகையில் கேழ்வரகு அரைத்தவள் அந்த வீட்டு மருமகள். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் களிக்கு வேண்டிய மாவை அரைக்க, கோழி கூவுமுன் எழுந்தால்தான் முடியும். கன்னடத்தில் ராகி அரைக்கும் பாடல்கள் என்று ஒரு தனி வகையே நாட்டார் இலக்கியத்தில் உண்டு. திரிகையை நடுவில் வைத்து இரு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, கைப்பிடியைச் சுற்றியபடி பாடியவை. கல்லுக்கு வணக்கம் சொல்வதில் தொடங்கி, தாய்வீட்டு ஏக்கம் வழியாக, மாமியார் கொடுமை வரை அவற்றில் எல்லாம் உண்டு. இலக்கிய மாணவர்கள் அப்பாடல்களின் அழகை வியக்கிறார்கள். நானும் வியந்திருக்கிறேன். ஆனால் மின்சார மில் வந்து அப்பாடல்கள் அழிந்தபோது எந்தப் பெண்ணும் அழுதிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். களி எளிய உணவானது திரிகை ஓய்ந்த பிறகுதான். அதற்கு முன் அது உண்பவனுக்கு மட்டுமே எளிது.

மில் வந்து களி எளிதான அதே காலத்தில் அது மதிப்பிழந்தது என்பது வரலாற்றின் விளையாட்டு. 1957-இல் கிருஷ்ணகிரி அணை திறக்கப்பட்டது. தென்பெண்ணை நீர் பாய்ந்த சில ஆயிரம் ஏக்கரில் நெல் நிறைந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்ட வீடுகளில் அது அன்றாடமாயிற்று. 1967-க்குப் பின் தமிழக அரசியலின் மையத் தானியம் அரிசி. நியாய விலைக் கடையில் அரிசி. 1982 முதல் விரிந்த சத்துணவில் அரிசி. 2011 ஜூன் முதல் அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி. பசியைப் போக்கிய திட்டங்கள் இவை; இவற்றைக் குறை சொல்வது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு. ஆயினும் இவற்றின் நிழலில் கேழ்வரகு ஏழையின் அடையாளமாகச் சுருங்கியது உண்மை. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த இளைஞர்கள் விட்டுவர விரும்பியவற்றில் களியும் ஒன்று.

அது திரும்பி வந்த வழிதான் எனக்கு வியப்பு. கைக்குழந்தையின் வழியாக வந்தது. ஆறாம் மாதத்தில் குழந்தைக்கு முதல் திட உணவு என்றால் இந்த வட்டாரத்தில் கேள்விக்கே இடமில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, அரைத்து, வடிகட்டிய பாலைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஊட்டச்சத்து அறிஞர்கள் இதை அளந்து சொல்வதற்கு முன்பே தாய்மார் அறிந்திருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து குடியேறிய அரிசிச் சோற்றுப் பெண்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாளிடமோ கன்னட அக்காவிடமோ இதைக் கற்றார்கள். குழந்தைக்குக் கஞ்சி, ஒன்றரை வயதில் அதே மாவில் சிறு உருண்டை, பிறகு வீடு முழுவதற்கும் களி. தாத்தா வழியாக இறங்க வேண்டிய உணவு பிள்ளை வழியாக ஏறியது. பின்னாளில் சர்க்கரை நோய் வந்து மருத்துவர்கள் கேழ்வரகைச் சொல்லத் தொடங்கியதும், சிறுதானியம் நகரத்துக் கடைகளின் அழகிய பொட்டலங்களில் ஏறியதும் அதற்கு அடுத்த கதை.

என் முப்பதும் இப்படித்தான் கழிந்தது. மகனுக்கு அப்போது பதினோரு மாதம். மனைவிக்கு உதிரிபாக ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை. இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் மாலை நான் கல்லூரியிலிருந்து வந்ததும் அடுப்படி என்னுடையது. எதிர் வீட்டு அக்கா, வாசற்படியில் நின்றபடி, தெலுங்கு கலந்த தமிழில் களி கிண்டச் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து உலையில் ஊற்று, பிறகு மாவைக் கொட்டு, கட்டி விழாது என்பது அவர் சொன்ன நுணுக்கம். நற்றிணையும் குறுந்தொகையும் நடத்திவிட்டு வந்த கைக்கு அது நல்ல மாற்றாக இருந்தது.

அந்த வாரங்களில்தான் ஒன்று தெரிந்தது. இந்த ஊரில் களி ஆண்கள் சமைக்கும் உணவாகிக்கொண்டிருக்கிறது. கணவன் ஒரு ஷிப்டிலும் மனைவி இன்னொரு ஷிப்டிலும் போகும் வீட்டில், குழந்தையுடன் இருப்பவர்தான் சமைத்தாக வேண்டும். சோறு, சாம்பார், பொரியல் என்று மூன்று பாத்திரம் ஏற்றத் தெரியாத ஆணும் ஒரு பானைக் களி கிண்டிவிடலாம். கிண்டுவதற்குத் தோள் வலு வேண்டும் என்பதால் ஆண்மைக்கும் இழுக்கில்லை! நூற்றாண்டுக் கணக்கில் மருமகளின் மணிக்கட்டைத் தேய்த்த உணவு, ஆலைச் சங்கின் கட்டாயத்தால் அப்பாவின் கைக்கு மாறியது. எந்தப் பெண் விடுதலைத் தீர்மானமும் இதைச் செய்யவில்லை. ஷிப்ட் அட்டவணை செய்தது. இது எல்லா வீட்டிலும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, பிறகு களிக்கட்டையையும் பிடிக்கும் பெண்களே இன்றும் மிகுதி.

கேழ்வரகு தானும் இதற்கிடையே மாறியிருக்கிறது. மாண்டியாவில் லட்சுமணய்யா என்ற பயிர் அறிஞர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்துப் புதிய ரகங்களை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டின் பெயரையும் சேர்த்து இந்தாஃப் என்று அவற்றுக்குப் பெயர். மூவாயிரம் ஆண்டு பிரிந்திருந்த இரு உறவுகள் ஓர் ஆய்வுப் பண்ணையில் மீண்டும் சேர்ந்து, விளைச்சலைப் பெருக்கின. கர்நாடகத்தில் அவரை ராகி பிரம்மா என்று அழைத்தார்கள். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

1965-இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆயிற்று. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-இல், மே மாதம், தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாய விலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அதற்கான தானியத்தை தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர்களிடமிருந்தே அரசு கொள்முதல் செய்தது. 2022-23-க்கான ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். ராமன் அவையில் வென்ற தானியம் ரேஷன் கடைக்கு வர இத்தனை காலம் பிடித்தது.

இப்போது புதிதாக வரும் மின்னணு ஆலைகளிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகளிலும் வேலைக்குச் சேர்வோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2021-இல் போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா ஆலை முழுவதும் பெண்களாலேயே இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. பதினெட்டு, இருபது வயதில் விடுதிகளில் தங்கியிருக்கும் இவர்களில் இந்த ஊரிலேயே நிலைப்பவர்கள் முப்பதைத் தொடுவது 2030-களில். அன்று அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன இருக்கும் என்று கணிக்க எனக்குத் துணிவில்லை.

முன்பு வந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு வீட்டில் சமைக்கும் ஓர் உணவைப் பற்றி எழுதும்படி பயிற்சி கொடுப்பது என் வழக்கம். பிரியாணி முந்தும், களி இரண்டாவது. களியை எழுதுபவர்களில் பாதிப் பேர் அப்பாவைத்தான் எழுதுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, அப்பா இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் எட்டு மணிக்குக் களி கிண்டுவதை எழுதியிருந்தாள். அவளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, இரண்டாம் ஷிப்ட் முடிந்து பத்தரைக்கு வரும் அம்மாவுக்குச் சற்றுப் பெரிதாக ஒன்று. அம்மாவின் உருண்டையை மட்டும் ஈரத்துணியால் மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டு வைத்து அதில் வைத்துவிட்டுப் போவாராம், வரும்வரை சூடு ஆறாமல் இருக்க.